உள்பக்கக் கைப்பிடி

நாரின்
செப்டம்பர் 14, 2002

சைராகுல் அக்காவுக்கு,

நல்லா இருக்கோம், எல்லாம் இருக்கு, ரொம்ப நன்றி.

பயந்துவிடாதீர்கள், கேலிக்குத்தான் எழுதினேன். எங்களை அடைத்து வைத்திருந்த அந்த மஞ்சள் கட்டடத்துக்கு மேலதிகாரிகள் பார்வையிட வரும்போதெல்லாம் எங்களை வரிசையில் நிறுத்தி ஒரே மூச்சில் சொல்ல வைப்பார்களே, அந்த வரி. பேச்சே வராதவனுக்கும் அது மட்டும் வந்துவிடும். உங்களுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்ததும் வேறு ஆரம்பம் எதுவும் தோன்றவில்லை, அதையே போட்டுவிட்டேன்.

போனில் பேசத்தான் முதலில் போனேன். தபாலாபீஸ்காரர்கள் என் சக்கர நாற்காலியைப் படியேற்றித் தந்தார்கள், நல்லவர்கள். ஆனால் நான் "அக்கா" என்ற ஒரு சொல்லை முடிப்பதற்குள், "யாரோ குடிச்சிட்டு உளர்றாங்க" என்று எக்ஸ்சேஞ்சில் இருந்த பெண் இணைப்பை வெட்டிவிட்டாள். ஆகவே இனி கடிதம்தான். கோழி கிளறிய மாதிரி இருக்கும், முஷ்டிக்குள் பேனாவை வைத்து எழுதுகிறவளுக்கு இதற்கு மேல் வராது. ஆனால் கடிதத்தில் நான் திக்குவதில்லை, கவனித்தீர்களா?

டாக்டர் சொன்னதை உங்கள் மகள், உங்களை எப்போதும் வேனில் கூட்டிவருகிற ஷார்ஷென் அண்ணனிடம் சொல்லியனுப்பினாள். இந்த இதயத்தோடு தோலோன் கணவாயைத் தாண்டக் கூடாதாமே. அவ்வளவு உயரத்தில் மூச்சு நின்றுவிடுமாம். அப்படியென்றால் நீங்கள் இனி நாரினுக்கு வரப்போவதே இல்லை.

உங்கள் தம்பி ஒரோஸ் வாசலில் நின்று வருகிற வேனையெல்லாம் பார்க்கிறான். ஷார்ஷென் அண்ணன் இறங்கியதும் "அக்கா எங்க?" என்கிறான். அவனுக்குத்தான் இரண்டிரண்டு சொல்லாக வருமே. நேற்று "அக்கா திருடிட்ட" என்று அவர் சட்டையைப் பிடித்துவிட்டான். ஷார்ஷென் அண்ணன் இப்போது தெருமுனையிலேயே வண்டியை நிறுத்துகிறார்.

உங்களுக்குப் பதிலாக நம் சங்கத்துக்குப் புதுத் தலைவர் தேடுகிற விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு பேர் வந்தார்கள். பள்ளிக்கூடத்து டீச்சரம்மா ஒருவர், பார்வையில்லாத நம் புருலைப் பார்த்ததும் அழத் தொடங்கினார். புருல் அவரை உட்கார வைத்து, டீ ஊற்றிக் கொடுத்து, முதுகைத் தடவி அனுப்பினாள். அடுத்தவன் ஓர் இளைஞன். எங்கள் எட்டுப் பேரில் யாரையும் பார்க்கவில்லை, சங்கத்து வண்டியை மட்டும் சுற்றிச்சுற்றிப் பார்த்தான்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் சிரிக்க முடியவில்லை. எங்களுக்குப் பொறுப்பு என்று கையெழுத்துப் போட ஒரு தலைவர் இருக்கும்வரைதான் நாங்கள் வெளியே இருக்கிறோம். பதினோரு வருடமாக அந்தக் கையெழுத்து உங்களுடையது. அது இல்லாமல் போனால் மஞ்சள் கட்டடத்தின் வண்டி வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போகும். யாரும் தடுக்க மாட்டார்கள்.

ஒன்று கேட்கிறேன். நான் ஏன் கூடாது? வீட்டை நடத்துவது நான்தானே.

ஜிபார்


பிஷ்கெக்
செப்டம்பர் 21

அன்புள்ள ஜிபார்,

உன் கடிதத்தை மகள் வாசித்துக்காட்ட வந்தாள், நான் விடவில்லை. உன் எழுத்தை என்னைத் தவிர யாருக்கும் படிக்கத் தெரியாது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

நல்ல செய்தி ஒன்று. ஒருவர் கிடைத்திருக்கிறார். பெயர் ரிஸ்பெக். ஐம்பது வயதிருக்கும். அமைதியான மனிதர். வீட்டுக்கு வந்தவர் பழம் வாங்கி வந்தார், என் மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து வைத்துவிட்டுப் போனார். நம் ஆட்கள் ஒவ்வொருவரின் பெயரையும் உடம்பையும் பற்றி விசாரித்தார். நமக்கு உதவி செய்கிற வெளிநாட்டுக்காரர்களுக்கும் அவரைப் பிடித்துவிட்டது. "அவங்க பாதுகாப்புதான் எனக்கு முதல் வேலை" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நீ கேட்டதற்கு வருகிறேன். உன் அறிவில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஆளுநர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் நீ ஒரு வாக்கியத்தை முடிக்கும்வரை காத்திருக்க மாட்டார்கள். நான் இருபது முறை போய் நின்ற இடம் அது. உன்னை அங்கே அவமானப்பட விட எனக்கு மனம் வரவில்லை. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். இதைப் பற்றி இன்னொரு நாள் விரிவாகப் பேசுவோம்.

வருகிற மாதம் முதல் சனிக்கிழமை அவர் அங்கே வருகிறார். ஓர் ஆடு அறுத்து, முறையாக விருந்து வையுங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் சாதிபெக்கையும் கூப்பிடு. ஆட்டுத்தலையை ரிஸ்பெக்குக்கு முன்னால் வை. சங்கத்துப் பெயர் கெடக் கூடாது. வாக்கெடுப்பைச் சாப்பாட்டுக்குப் பிறகு நடத்துங்கள்.

ஒரோஸுக்குக் காய்ந்த தயிர் உருண்டை கொடுத்தனுப்பியிருக்கிறேன். மொத்தமாகக் கொடுக்காதே.

சைராகுல்


நாரின்
அக்டோபர் 6

அக்காவுக்கு,

"உன் நல்லதுக்குத்தான்" என்பதை இரண்டு முறை படித்தேன். சரி, அது கிடக்கட்டும்.

விருந்து நடந்தது. நீங்கள் சொன்னபடியே செய்தோம். அதுதான் பிரச்சினை.

மனிதர் வந்தார். சுத்தமான கோட்டு, மெல்லிய குரல். கிண்டர்கார்டனாக இருந்த கட்டடம் என்று கேள்விப்பட்டுச் சந்தோஷப்பட்டார். அலமாரிகளில் ஒட்டியிருக்கிற பொம்மைப் படங்களைப் பார்த்து, "இதெல்லாம் அப்படியே இருக்கட்டும், இவங்களுக்குப் பொருத்தமா இருக்கு" என்றார். என் அலமாரியில் வாத்துப் படம். எனக்கு வயது முப்பத்தி நாலு.

இறைச்சித் தட்டு வந்தது. ஆட்டுத்தலையை அவர் முன்னால் வைத்தோம். தலை பெற்றவர் காதை அறுத்து இளையவருக்குக் கொடுக்க வேண்டும், எங்கள் மொத்தக் கூட்டத்திலும் சின்னவள் அல்மா கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் கொடுக்கவில்லை. "தொண்டையில மாட்டிக்கும்மா" என்று சொல்லி, தட்டில் திரும்ப வைத்துவிட்டார். பிறகு எழுந்து எங்கள் பக்கம் வந்து, ஒவ்வொருவர் கையிலிருந்தும் கத்தியை வாங்கினார். அத்தனை பணிவாக வாங்கினார், நாங்களும் கொடுத்துவிட்டோம். ஒரோஸின் இறைச்சியைத் தானே பொடியாக நறுக்கி ஊட்டினார். தாடியில் நரை வந்த ஆள், கரண்டிக்கு வாயைத் திறந்தான். அவன் கண் என்னையே பார்த்தது.

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். நான் தொடங்கி முடிப்பதற்குள் சாதிபெக் பெரியவர் இரண்டு கையையும் விரித்துவிட்டார். "தலை வாங்கின மனுசன் இந்த வீட்டுக்குத் தலையா இருக்கட்டும், இவங்கள குளிரிலருந்தும் பசியிலருந்தும் காப்பாத்தட்டும், ஓமின்!" என்று ஆசி கொடுத்தார். எல்லோரும் உள்ளங்கையை முகத்தில் தடவினோம். ஆசி வந்தால் கை தானாக எழும்பும், யாராலும் அடக்க முடியாது. என் கை கடைசியாகத்தான் முகத்துக்கு வந்து சேர்ந்தது, ஆனால் வந்துவிட்டது. வாக்கெடுப்பைப் பற்றிப் புருல் கேட்டாள். "அதான் ஓமின் சொல்லியாச்சே, இன்னும் என்ன வாக்கு?" என்று பெரியவர் சிரித்தார். ஆசி கொடுத்த பிறகு மறுத்துப் பேசுவது அவரை முகத்தில் அறைகிற மாதிரி.

இப்போது முக்கியமானதைச் சொல்கிறேன், நிதானமாகப் படியுங்கள். அந்த மனிதர் கதவருகே போகும்போதெல்லாம் வலது கை கோட்டுப் பைக்குள் போகிறது. சாப்பாட்டு அறையில் பார்த்தேன். குளியலறை வாசலில் பார்த்தேன். கயிறு மட்டும் கட்டியிருக்கிற தொழுவத்துப் படலிடம்கூடப் போனது. பைக்குள் ஒன்றும் இல்லை, கை வெறுமனே வெளியே வருகிறது.

நீங்கள் மஞ்சள் கட்டடத்துக்கு விருந்தாளியாக வந்தவர், உங்களுக்கு எப்போதும் கதவு திறந்துவிடப்பட்டது. உள்ளே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். அங்கே கதவுகளின் உள்பக்கத்தில் கைப்பிடி கிடையாது, ஒரு சதுர ஓட்டைதான் இருக்கும். கைப்பிடி காவலாட்களின் பையில் இருக்கும். கதவுக்கு வந்ததும் எடுப்பார்கள், ஓட்டையில் செருகித் திருப்புவார்கள், திரும்பப் பையில் போட்டுக்கொள்வார்கள். வருடக்கணக்கில் அப்படிச் செய்த கைக்குத்தான் இந்தப் பழக்கம் வரும்.

இந்த ஆள் இதற்கு முன் எங்கே வேலை பார்த்தார்? விசாரித்தீர்களா?

ஜிபார்


பிஷ்கெக்
அக்டோபர் 12

ஜிபார்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்கப் பதில் எழுதாமல் இருந்தேன், கோபத்தில் எழுதக் கூடாது என்று. இப்போதும் கோபம் போகவில்லை.

ஒரு மனிதர் பையில் கைவிடுகிறார் என்பதற்காகவா இத்தனை? கைக்குட்டையாக இருக்கும். சிகரெட்டாக இருக்கும். கத்தியை வாங்கினார், ஊட்டினார் என்றால் அதிகமாக அக்கறை காட்டினார், பழகினால் சரியாகிவிடும். நம் ஆட்களுக்கு என்ன முடியும் என்று முதல் நாளே யாருக்கும் தெரியாது. எனக்கும்தான் தெரியவில்லை. ஆரம்பத்தில் உனக்கு நான் தலைவாரி விட்டதற்காக நீ என் கையைக் கடித்ததை மறந்துவிட்டாயா?

உனக்குப் பார்க்கிற இடமெல்லாம் மஞ்சள் கட்டடம். அங்கே நீ பட்டது எனக்குத் தெரியும், அதனால்தான் இத்தனை நாள் பொறுத்தேன். ஆனால் இதில் வேறொன்றும் இருக்கிறது. அந்த இடத்தில் நீ உட்கார விரும்பினாய். கிடைக்கவில்லை. அதனால் உட்கார்ந்தவரிடம் குற்றம் தெரிகிறது. இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

பெரியவர் ஆசி கொடுத்தாகிவிட்டது. நானும் இங்கிருந்தே ஓமின் சொல்லிவிட்டேன். அவரோடு ஒத்துப்போ. கணவாயில் பனி விழத் தொடங்கிவிட்டதாம், ஷார்ஷென் இனி அடிக்கடி வர மாட்டான். சண்டையோடு குளிர்காலத்தைத் தொடங்க வேண்டாம்.

ஒரோஸ் எப்படி இருக்கிறான் என்று ஒரு வரி எழுது.

சைராகுல்


நாரின்
அக்டோபர் 30

சைராகுல் அக்காவுக்கு,

பொறாமைதான். வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த இடம் வேண்டும் என்று இருந்தது, இப்போதும் இருக்கிறது. பொறாமைக்காரிக்குக் கண் தெரியாது என்று யார் சொன்னது?

இனி எழுதுவதில்லை என்று இருந்தேன். ஒரோஸைப் பற்றி ஒரு வரி கேட்டீர்களே, அதற்காக எழுதுகிறேன்.

உங்கள் தம்பி பூட்ஸோடு படுக்கிறான்.

போன வாரத்திலிருந்து. கழற்றினால் அழுகிறான். அவனை மஞ்சள் கட்டடத்திலிருந்து அழைத்து வந்த புதிதில் ஒரு குளிர்காலம் முழுக்க இப்படித்தானே படுத்தான். நீங்கள்தான் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லி ஒவ்வொரு பூட்ஸாகக் கழற்றினீர்கள். இப்போது யாரும் அவனை அடிக்கவில்லை. யாரும் குரல் உயர்த்தவில்லை. இருந்தும் படுக்கிறான். நான் பையைப் பார்த்துத் தெரிந்துகொண்டதை அவன் எதைப் பார்த்துத் தெரிந்துகொண்டானோ.

மற்றபடி எல்லாம் பாதுகாப்பாக இருக்கிறது. அடுப்பு ஆபத்து என்று சமையலறைக்கு நாங்கள் போகக் கூடாது, சமைக்க ஓர் அம்மாள் வருகிறார். ஊசி ஆபத்து என்று புருலின் தையல் பெட்டி அலமாரி மேல் ஏறிவிட்டது. பார்வை இல்லாமலே ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் மெத்தை தைத்தவள், இப்போது மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "தைக்காம இருந்தா எனக்கு விரல் எங்க இருக்குன்னே தெரியல ஜிபார்" என்கிறாள். தெருவில் பனி வழுக்கும் என்று வாசலுக்குத் தடை. எங்கள் கடிதங்களைக்கூட அவரே தபாலில் சேர்க்கிறாராம், நாங்கள் கஷ்டப்படக் கூடாதாம். இதை நான் ஜன்னல் வழியாக ஷார்ஷென் அண்ணனிடம் கொடுக்கிறேன்.

அவர் கெட்டவர் இல்லை அக்கா. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கெட்டவராக இருந்தால் யாராவது நான் சொல்வதை நம்புவார்கள். நேற்று என் நாற்காலிச் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தார். போட்டுவிட்டு, கேட்காமலே என்னைத் தள்ளிக்கொண்டு போய் அறைக்குள் விட்டார். நான் எங்கே போகப் புறப்பட்டேன் என்று கேட்கவே இல்லை.

சமையலறைக் கதவின் கைப்பிடி உடைந்துவிட்டதாம். கழற்றிவிட்டார். சதுர ஓட்டை மட்டும் இருக்கிறது.

ஜிபார்


பிஷ்கெக்
நவம்பர் 8

ஜிபார், கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வை. பூட்ஸ் என்று படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

உடனே சங்கத்துக்கு, ரிஸ்பெக் புதிதாக வாங்கி வைத்திருக்கிற போனுக்குப் பேசினேன். ரிஸ்பெக்தான் எடுத்தார். பொறுமையாகப் பேசினார். "குளிர் அதிகம், அதான் பூட்ஸ் கழட்ட மாட்டேங்கிறார், நீங்க மனச அலட்டிக்காதீங்க, உங்க உடம்புக்கு ஆகாது" என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. தம்பியிடம் கொடுங்கள் என்றேன். கொடுத்தார்.

நீ கேட்டால் சந்தோஷப்படுவாய். ஒரோஸ் என்னோடு ஒரு முழு வாக்கியம் பேசினான்! எப்போதும் இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறவன், போனில் என் குரலைக் கேட்டதும் ஒரே மூச்சில், "நல்லா இருக்கோம், எல்லாம் இருக்கு, ரொம்ப நன்றி" என்று சொன்னான். பக்கத்திலிருந்த மகளிடம் நான் பெருமையாகச்

இந்த இடத்தில் எழுந்து போய்விட்டேன். மாத்திரை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். உன் செப்டம்பர் கடிதத்தை எடுத்து முன்னால் வைத்திருக்கிறேன். முதல் வரி.

அவன் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை ஜிபார். அந்தச் சந்தோஷத்தில் நான் அதைக் கவனிக்கவே இல்லை.

அந்த மனிதர் இனி என்னவெல்லாம் செய்வார் என்று மணிக்கணக்கில் கேட்டேன். இதற்கு முன் என்ன செய்தார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்று மகளை அனுப்பி விசாரித்தேன். தெற்கே ஒரு விடுதியில் துணைப் பொறுப்பாளராக இருந்திருக்கிறார், உங்கள் மஞ்சள் கட்டடத்தைப் போன்ற ஒன்றில். பல வருடம். நல்ல பெயராம். ஒருவர்கூடத் தப்பிப் போனதில்லையாம்.

நான் என்ன செய்ய வேண்டும் என்று எழுது. நீ சொல்வதைச் செய்கிறேன்.

சைராகுல்


நாரின்
நவம்பர் 17

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். கணவாய் மூடிக்கிடக்கிறது, திறந்ததும் போவேன் என்று ஷார்ஷென் அண்ணன் சொல்லியிருக்கிறார். இது உங்கள் கைக்கு எப்போது வருமோ தெரியாது.

ரிஸ்பெக் நேற்று எங்களைக் கூட்டி வைத்துப் பேசினார். "இந்தக் கட்டடத்த முழுக்க சூடு பண்ண நிலக்கரி பத்தாது. குளிர்காலத்துக்கு மட்டும் பாதிப் பேர் கதகதப்பான இடத்துல இருக்கட்டும். வசந்தம் வந்ததும் கூட்டிட்டு வந்துடலாம்" என்றார். எந்த இடம் என்று நான் கேட்டேன். கேட்டு முடிக்க எனக்கு எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்குத் தெரியும். அவர் தலையைச் சாய்த்து, புன்னகையோடு பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், "சோர்ந்துட்டீங்க, போய்ப் படுங்க" என்றார்.

முதலில் போகிறவன் ஒரோஸ்.

வசந்தத்தில் மஞ்சள் கட்டடத்திலிருந்து யாரும் வீடு திரும்பி நான் பார்த்ததில்லை. நான் அங்கே பத்தொன்பது வசந்தம் பார்த்தவள்.

சாதிபெக் பெரியவர் ஜன்னலோரம் வந்தபோது சொன்னேன். அவர் பாவம், முழுக்க நின்று கேட்டார். பிறகு சொன்னார்: "நான் ஆசி கொடுத்தேன்னா சைராகுல் தலை வெக்கச் சொன்னதாலதான் கொடுத்தேன். வெச்ச தலைய எடுக்கணும்னா அவதான் எடுக்கணும். கடுதாசில இல்ல, போன்ல இல்ல. இங்க வந்து, சாப்பாட்டு விரிப்புல உக்காந்து, எல்லார் முன்னாடியும் சொல்லட்டும். அப்ப நான் ஆசிய மாத்துறேன். ஊரே எங்கூட நிக்கும்." வேறு எப்படிச் சொல்லியும் அவர் அசையவில்லை. எனக்கு அவர்மேல் கோபமும் வரவில்லை. அவர் வழி அது.

இதை உங்களிடம் எழுதலாமா என்று யோசித்தேன். உங்களால் வர முடியாது. வந்தால் கணவாயில் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆகவே வராதீர்கள். நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டீர்கள், பதில் இதுதான் என்பதால் எழுதினேன். ஆனால் வராதீர்கள்.

இன்று காலை என் அறைக் கதவிலும் கைப்பிடி இல்லை.

ஆனால் அக்கா, உங்களிடம்கூட நான் சொல்லாத ஒன்று உண்டு. மஞ்சள் கட்டடத்திலிருந்து என்னை நீங்கள் அழைத்து வந்த அன்று, வழியனுப்ப வந்த காவலாள் கோட்டைக் கழற்றி என் நாற்காலி மேல் போட்டுவிட்டுக் கையெழுத்துப் போடக் குனிந்தான். அவன் கைப்பிடியை நான் எடுத்துக்கொண்டேன். பதினோரு வருடமாக என் மெத்தைக்குள் இருக்கிறது. இந்த நாட்டுக் கதவு எல்லாவற்றுக்கும் ஒரே அளவு ஓட்டைதான். செருகிப் பார்த்தேன், பொருந்துகிறது. என் கை நடுங்கும், ஓட்டையில் வைக்கவே நேரமாகிறது. ஆனால் திரும்புகிறது.

அதை வைத்துக்கொண்டு நான் எங்கே போக முடியும், பனியில், இந்த நாற்காலியோடு? தெரியவில்லை. இருக்கிறது என்று நினைத்தால் மூச்சு விட முடிகிறது, அவ்வளவுதான்.

ஜிபார்


நாரின்
நவம்பர் 28

மதிப்பிற்குரிய சைராகுல் அம்மையார் அவர்களுக்கு,

வணக்கம். நமது சங்கத்தின் தலைவர் திரு. ரிஸ்பெக் அவர்கள் எங்களை மிகுந்த அன்புடன் கவனித்து வருகிறார். உணவும் வெப்பமும் போதுமான அளவில் உள்ளன. தங்கள் சகோதரர் ஒரோஸ் குளிர்கால ஓய்வுக்காக வசதியான இடத்திற்கு அனுப்பி வைக்கப்பட்டுள்ளார். அவர் மகிழ்ச்சியாகச் சென்றார்.

முன்பு எழுதிய கடிதங்களில் நான் உணர்ச்சிவசப்பட்டுச் சில தவறான தகவல்களைத் தெரிவித்துவிட்டேன். அவற்றைப் பொருட்படுத்த வேண்டாம். தங்கள் உடல்நிலையைக் கருதித் தாங்கள் எந்தப் பயணமும் மேற்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நல்லா இருக்கோம், எல்லாம் இருக்கு, ரொம்ப நன்றி.

இப்படிக்கு,
ஜிபார்


கோச்கோர்
டிசம்பர் 5

என் ஜிபார்,

கணவாய்க்குக் கீழே கோச்கோரில், ஒரு டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேலே பனி வெட்டுகிறார்கள். பாதை திறந்ததும் ஷார்ஷென் வண்டியை எடுப்பான்.

உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. ஒன்றை அவன் கொண்டுவந்தான், ஒன்று தபாலில் வந்தது. தபாலில் வந்ததும் உன் கையெழுத்துதான், கோழி கிளறியதுதான். ஆனால் அதில் என்னைக் குத்தி ஒரு சொல்கூட இல்லை. பதினோரு வருடத்தில் நீ என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. கடைசி வரியை நீ எதற்காகப் போட்டாய் என்று புரிந்தது. அவருக்கு அது நல்ல வரியாகப் பட்டிருக்கும்.

இன்னொன்றையும் தேடினேன். அந்த இரும்புக் கைப்பிடியைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. அவர் அதைக் கண்டுபிடித்து வாங்கியிருந்தால், அதையும் எழுத வைத்திருப்பார், நீ திருந்திவிட்டாய் என்று காட்ட. ஆகவே அது இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது. அப்படித்தான் நம்புகிறேன்.

மகள் வாசலில் குறுக்கே நின்று அழுதாள். "அம்மா, நீ போனா உசுரோட வர மாட்ட" என்றாள். அந்தக் கட்டடத்திலிருந்து என் தம்பியை ஒரு முறை வெளியே கொண்டுவந்தேன். திரும்ப அனுப்பியதும் நான்தான், ஆட்டுத்தலையை வைக்கச் சொல்லி. நீ வாக்கியத்தை முடிக்கும்வரை அதிகாரிகள் காத்திருக்க மாட்டார்கள் என்று எழுதினேனே. காத்திருக்காதவள் நான்தான் என்று இந்தக் கடையில் உட்கார்ந்திருக்கும்போது தெரிகிறது.

இங்கேயே ஓர் ஆடு வாங்கி வேனின் பின்னால் கட்டியிருக்கிறேன். "இது பயணிகள் வண்டியா, தொழுவமா?" என்று ஷார்ஷென் முனகுகிறான். ஆனால் காசு வாங்க மாட்டேன் என்கிறான். விரிப்பைப் போடச் சொல்லி எல்லோரையும் உட்கார வைப்பேன். தலையை உன் முன்னால் வைப்பேன். பெண்ணுக்குத் தலை வைக்கிற வழக்கம் இல்லையே என்று சாதிபெக் இழுப்பார். இழுக்கட்டும். நீ காதை அறுத்து அல்மாவுக்குக் கொடு, கை நடுங்கினாலும் நீயே அறு. அதற்குப் பிறகு முதல் கையெழுத்து ஒரோஸை அழைத்துவருவதற்காக இருக்க வேண்டும்.

இதையெல்லாம் நேரில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். காலையிலிருந்து இடது கை மரத்துப்போய் இருக்கிறது. மேலே வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. ஷார்ஷென் என் முகத்தைப் பார்க்கிறான், பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்கிறான். அவனிடம் சொல்லிவிட்டேன்: நான் இறங்கி நடந்து வந்தால் இந்தக் கடிதத்தை நானே கிழித்துப்போடுவேன். இல்லையென்றால் ஆட்டையும் கடிதத்தையும் அவன் சாதிபெக்கிடம் ஒப்படைக்க வேண்டும். கடை விரிப்பின் மேல்தான் இதை எழுதுகிறேன், கடையில் இருக்கிற அத்தனை பேர் முன்னாலும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதுகிறேன். வைத்த தலையை எடுத்துவிட்டேன். அதை ஜிபாருக்கு வைக்கிறேன். இது நாரின் விரிப்பு இல்லைதான், ஆனால் உயிரோடு நான் உட்கார்ந்த கடைசி விரிப்பு என்றால் அவர் மறுக்க மாட்டார். இங்கே ஆறேழு லாரி டிரைவர்கள் டீயைக் கீழே வைத்துவிட்டு ஓமின் சொன்னார்கள்.

பாதை திறந்துவிட்டதாம். ஹாரன் அடிக்கிறான்.

வந்ததும் நேராக உன் அறைக்குத்தான் வருவேன். ரிஸ்பெக் ஓடிவந்து கைப்பிடியை எடுத்து வெளியிலிருந்து திறக்கப் பார்ப்பார், நான் விட மாட்டேன். நான் தட்டுவேன். நீ உள்ளேயிருந்து திற. ஓட்டையில் வைக்க நேரமாகும் என்று எழுதியிருந்தாய். ஆகட்டும். இந்த முறை நீ முடிக்கும்வரை நின்றுகொண்டிருப்பேன்.

உன் அக்கா
சைராகுல்